மருந்துத் தண்ணீர் பாய்ந்த இடம்

என் மகனுக்கு,

அன்றைக்கு நீ போனில் பேசியபோது நான் சரி சரி என்று மட்டும் சொன்னதை வைத்து, அம்மா வேலையில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். வேலை எதுவும் இல்லை. அச்சாபீஸில் கரண்ட் போய், பைண்டிங் பிரிவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். டெல்லியில் இடம் கிடைத்ததையும், மண்ணில் தங்கிப்போகிற மருந்துகளைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி செய்யப்போகிறாய் என்பதையும் சொன்னாய். போவதற்கு முன்பு நம் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் இருந்த இடத்து மண்ணில் கொஞ்சம் எடுத்து, நிழலில் உலர்த்தி அனுப்பச் சொன்னாய். மறுநாளே அனுப்பிவிட்டேன், அதில் சிக்கல் ஒன்றுமில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக, உன் பேராசிரியரிடம் "எங்க வீட்டுக் கதையே இருக்கு சார்" என்று சொன்னதாகச் சொன்னாய் பார், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் குழம்பிவிட்டு, சொல்லாமல் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். எனக்கும் அழுகை வந்துவிடும்.

நீ மதுரையில் விவசாயக் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போன கொஞ்ச நாளில் அப்பாவுக்கு அது நடந்தது. நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற அறையில் அவரும் செல்லையா மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெடிக்கவில்லை, குப்பென்று பிடித்துக்கொண்டது என்று அப்பா சொல்வார். அப்பா கதவுப் பக்கம் இருந்தார், மாமா உள்பக்கம் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். மாமா அங்கேயே போய்விட்டார். அப்பாவுக்கு இரண்டு காலும் முதுகும் வலது கையும் வெந்துபோயின. மதுரை ஆஸ்பத்திரியில் நீயும் நானும் மாறி மாறி இருந்ததெல்லாம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடந்ததை நீ மாதத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய்.

தினமும் காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பேன். பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் அவரை உட்காரவைத்து, பழைய துணிக்கட்டை நனைத்து நனைத்துப் பிரிப்பேன். முந்தின நாள் போட்ட வெள்ளைக் களிம்பு தயிராடை மாதிரி படிந்திருக்கும். அதைக் கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் கழுவி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று நர்ஸம்மா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் அவரைப் பந்தலையே பார்த்தபடி இருப்பார். கத்த மாட்டார். "பூ வச்சிருக்கு பாரு," "அந்தக் கொடியத் தூக்கி விடு," என்று பந்தலைப் பற்றியே பேசுவார். வலி தாங்க அவருக்கு அது ஒரு பிடிமானம். கழுவிய தண்ணீர் கல்லிலிருந்து இறங்கி, வாய்க்கால் வழியாக நேரே அந்தப் பந்தலுக்குத்தான் போகும். நம் திருத்தங்கலில் யார் வீட்டில்தான் தண்ணீரைச் சும்மா விடுவார்கள்? குழாயில் என்றைக்கு வரும் என்று காத்திருந்து பிடிக்கிற தண்ணீர். பாத்திரம் கழுவியதும் துணி துவைத்ததும் குளித்ததும் ஏதாவது ஒரு செடிக்குப் போய்த்தான் தீரும். அவர் எழுந்து நடக்க முடியாத நாட்களில் கழுவி ஊற்றிய மூத்திரச் சட்டித் தண்ணீரும் அங்கேதான் போனது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

சில மாதத்தில் பந்தல் மாறிவிட்டது. கொடி படர்ந்தது, ஆனால் இலை வெளுத்து மஞ்சளாகிப் போனது. பூ வந்தது, பிஞ்சு நிற்கவில்லை. பந்தலோரத்து முருங்கை மரத்திலிருந்து உதிர்ந்த இலை அந்த ஈரத்தில் நாலு நாளில் மக்கிப்போக வேண்டியது, அப்படியே சருகாகக் கிடந்தது. மண்ணைக் கிளறினால் ஒரு புழு இல்லை. பக்கத்து வீட்டு பாக்கியம் மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மருந்துத் தண்ணிய இம்புட்டு நாளா விட்டா செடி எப்படி மதினி பிழைக்கும்?" என்றாள். அப்பா காதில் விழும்படி சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். "ஒரு மனுசன் உசுருக்குப் போராடுதாக, உங்களுக்கு அவரக்காயா பெரிசு?" என்று கேட்டுவிட்டு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அவள் களிம்பைச் சொல்லவில்லை. அப்பா வேலைக்குப் போன காலமெல்லாம் பட்டாசு மருந்து படிந்த சட்டையையும் கைலியையும் அதே கல்லில்தானே துவைத்தேன், வெள்ளி நிறத்தில் தண்ணீர் ஓடுமே, அந்த மருந்தைச் சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் மருந்து என்றால் முதலில் அதுதான். மாத்திரை, களிம்பெல்லாம் அப்புறம்.

நீ பொங்கல் லீவுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். வந்த அன்றே பந்தலைப் பார்த்துவிட்டு, பையைக்கூட உள்ளே வைக்காமல் ஒரு கொடியை வேரோடு பிடுங்கினாய். வேலியைத் தாண்டிப்போய் பாக்கியம் மதினி வீட்டு அவரை ஒன்றையும் கேட்டுப் பிடுங்கி வந்தாய். இரண்டையும் தண்ணீரில் அலசிக் கல்லின் மேல் பரப்பிவைத்து என்னைக் கூப்பிட்டாய். அப்பா பின்வாசல் கட்டிலில் படுத்திருந்தார்.

"அம்மா, இங்கன வா. பக்கத்து வீட்டு வேரப் பாரு. முடிச்சு முடிச்சா இருக்குல்ல? அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கு. காத்துல இருக்கிற சத்தப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். நம்ம வேருல ஒரு முடிச்சுகூட இல்ல."

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாய். உள்ளே வெளிர்ச் சிவப்பாக இருந்தது. நம் வேர் மொட்டையாக, தைத்த நூல் மாதிரி இருந்தது.

"ஏலே, நம்ம செடிக்கு அது எங்க போச்சு?" என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"செத்துப்போயிருக்கும்ப்பா. உங்களுக்குப் போடுற களிம்புல சல்பா மருந்தும் வெள்ளியும் இருக்கு. புண்ணுல கிருமி வளர விடாமச் செய்றதுதான் அதுக்கு வேலை. தண்ணியோட மண்ணுக்குப் போனா அங்கனயும் அதே வேலையத்தான் செய்யும். நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு அதுக்குப் பாக்கத் தெரியாது. இலை மக்காமக் கெடக்குறதும் அதனாலதான் இருக்கும். நீங்க முழுங்குற மாத்திரையும் அம்புட்டும் உடம்புல தங்காதுப்பா, மூத்திரத்துல வெளிய வந்துரும்."

"அப்ப நம்ம தின்ன காயி?" என்று நான் கேட்டேன்.

"வேரு உறிஞ்சிருக்கலாம்மா. எம்புட்டுன்னு சோதிச்சாத்தான் தெரியும்."

அப்பா பந்தலைப் பார்த்தார். பிறகு, "என் மேல கழுவுன தண்ணிதான்," என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நீ கேள்வி என்று நினைத்து, "ஆமாப்பா," என்றாய். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நீ அந்த இரண்டு செடிகளையும் ஈரத்துணியில் சுற்றி மதுரைக்கு எடுத்துப் போனாய். என் மகன் படித்தது வீணாகவில்லை என்று அச்சாபீஸில் எல்லோரிடமும் நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முடிச்சு, கிருமி, காற்றிலிருந்து சத்து என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சொன்னேன். கட்டிலில் கிடந்த மனுஷர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது. நீ போன பிறகு அப்பா, "இனி நானே கழுவிப் போட்டுக்கிடுதேன், நீ வேலைக்குப் போ," என்றார். முதுகு ஆறிவிட்டிருந்தது. கால்கள்தான் பாக்கி, அது அவர் கைக்கு எட்டும். நானும் வேலையை விட்டு அத்தனை நாள் ஆகியிருந்ததால் சந்தோஷமாகவே கிளம்பினேன். சாயங்காலம் வந்து, "போட்டீகளா?" என்று கேட்பேன். "ம்" என்பார். கட்டு வெள்ளையாக, ஒழுங்காக இருக்கும். நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே வாடை அடித்தது. அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டைப் பிரித்தேன். சதை பச்சையாகச் சீழ் வைத்து, ஆறியிருந்த ஓரமெல்லாம் மறுபடி கரைந்து கிடந்தது. அலமாரியில் களிம்பு டப்பாவைத் திறந்தால் மேலே விரல்விட்டு எடுத்த அடையாளம்கூடக் காய்ந்துபோய் இருந்தது, அவர் அதைத் தொடவே இல்லை.

"ஏன் இப்படிச் செஞ்சீக?" என்று கேட்டேன். நான் சத்தம்கூடப் போடவில்லை.

"செல்லையா போனான். சரி, நம்ம கையில இல்ல," என்றார். "இது நம்ம கையில இருக்குல்ல. நான் உக்காந்து கழுவக் கழுவ அங்கன ஒவ்வொண்ணாச் சாகுது. அத எதிர்த்தாப்புல பாத்துக்கிட்டே எப்படிப் போடச் சொல்லுத?"

"கிருமிதான செத்துச்சு" என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கிருமி நல்ல கிருமி என்று நீ சொல்லிவிட்டுப் போயிருந்தாய். செடிதானே என்று சொல்லலாம். வலியில் அவர் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தச் செடியைத்தான். பாக்கியம் மதினியின் வீட்டுக்காரர்தான் வாடகைக் காருக்கு ஓடினார். நான் பேச்சை நிறுத்தியிருந்த மதினி, ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு மதுரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள்.

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். நீ அப்போது அதே மதுரையில், பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில், பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். உன்னிடம் "சும்மா காட்டிட்டுப் போக வந்தோம், கூட்டமா இருக்கு, நீ வர வேண்டாம்," என்று பூத்திலிருந்து போன் செய்தேன். அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். நினைவு தப்பித் தப்பி வந்த நேரத்தில் அவர் தெளிவாகச் சொன்னது அது ஒன்றுதான். "அவங்கிட்டச் சொல்லாத. அவன் படிக்கட்டும்." நான் சொல்லவில்லை. அவர் பிழைக்காமல் போயிருந்தால் உன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? உன்னிடம் மறைத்தது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஊசி மாற்றி மாற்றிப் போட்டு, அவரை மீட்டார்கள். அந்த ஊசியும் மருந்துதான். அதே மாதிரிக் கிருமியைக் கொல்கிற மருந்து. சொட்டுச் சொட்டாக அவருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் வேகமாக இறங்கக்கூடாதா என்று நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் கேட்டேன். இளவயசுக்காரர், கண்ணெல்லாம் சிவந்து களைத்துப்போய் இருந்தார்.

"ஐயா, களிம்பக் கழுவுன தண்ணிய எங்க ஊத்த? செடிக்கு விட்டா செடி கெட்டுப்போகுது."

அவர் சிரிக்கவில்லை, அது நல்ல மனசு. "அம்மா, எனக்கு இவர் கால்தான் கண்ணுக்குத் தெரியுது. மண்ணப் பத்தி நான் படிக்கல. சாக்கடையில ஊத்திடுங்க," என்றார்.

சாக்கடை எங்கே போகிறது? நம் தெருச் சாக்கடை கண்மாய்க்குப் போகிறது. கண்மாய்த் தண்ணீரில் கீரை போட்டிருக்கிறார்கள், மாடு குடிக்கிறது. அந்தக் கீரைதான் நம் தெருவுக்குக் கூடையில் வருகிறது. வீட்டுக்கு முன்னால் கல்தரையில் ஊற்றிப் பார்த்தேன், தெருவில் ஓடிப் பிள்ளைகள் காலில் பட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பந்தலைப் பிரித்துப்போட்டேன். கொடியை வேரோடு எடுத்துவிட்டேன். கொல்லையின் மற்ற பக்கம் போகாதபடி சுற்றிலும் வரப்புக் கட்டி, பழைய இடத்திலேயே ஊற்றினேன். கெட்டது கெட்டுவிட்டது, அந்த ஒரு துண்டோடு இருக்கட்டும், மனுஷன் ஆறட்டும் என்று நினைத்தேன். அப்பா கழுவும்போது வேறு பக்கம் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டு அதில் உட்காரவைத்தேன். களிம்பை நானே போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடுத்த லீவுக்கு நீ வந்து, "பந்தல் எங்கம்மா?" என்று கேட்டபோது, "காய்க்கல, பிரிச்சுட்டேன்," என்றேன். நீ நம்பினாய்.

அப்பாவின் கால் ஆறிய பிறகு அந்த இடத்தைச் சும்மா போட்டிருந்தேன். இரண்டு ஐப்பசி மழை பெய்தது. கோரைப்புல் வந்தது. பிறகு ஒரு வருஷம் ஆசைக்கு அவரை விதை ஊன்றிப் பார்த்தேன். ஒரு குழியில் முளைத்தது நன்றாகவே வந்தது. கைப்பிடித் தூரத்தில் இன்னொரு குழியில் முளைத்தது மஞ்சளாகிப் போயிற்று. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. களிம்புதான் காரணம் என்றால் இரண்டுமே கெட்டிருக்க வேண்டாமா? பட்டாசு மருந்து படிந்த துணியை வருஷக்கணக்காகத் துவைத்தேனே, அப்போது காய்த்ததே? அப்போது உண்மையிலேயே நன்றாகக் காய்த்ததா, இல்லை, அப்பா நன்றாக இருந்த காலம் என்பதால் எல்லாம் நன்றாக இருந்ததாக எனக்குத் தோன்றுகிறதா? யோசிக்க யோசிக்க, நான் கண்ணால் பார்த்ததையே நம்ப முடியாமல் போகிறது. எரித்ததும் மருந்து, ஆற்றியதும் மருந்து. செடியைக் கெடுத்தது இதில் எது, அல்லது இரண்டுமா, அல்லது நம் ஊர்க் குழாயில் வருகிற வெறும் உப்புத் தண்ணீரா என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும், வேரை நானே பார்த்தேன். ஆனால் சரியான ஒன்றைக் கேட்டு ஒரு மனுஷர் சாகப் பார்த்தாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ பேசி முடித்தபோது, "ஆனா களிம்ப நிறுத்திராதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதுமா? அதை நான் சொல்லியிருக்கலாமே, எனக்கு ஏன் தோன்றவில்லை? நாளைக்கு நீ பெரிய பெரிய கூட்டத்தில் பேசுவாய். கேட்கிறவர்களில் மருந்து தின்றுகொண்டிருக்கிற யாராவது ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசு. உன் ஆராய்ச்சியில் அந்த டாக்டரிடம் நான் கேட்டதற்கும் ஒரு பதில் கண்டுபிடி. கொல்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, கழுவிய தண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும் என்றும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கே புத்தி தெளியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புவது சரியில்லை என்று பட்டது. இன்று காலை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ஒரு தாளைத் திருப்பிப் போட்டு மறுபடியும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமில்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒண்ணு மட்டும் தப்பு," என்றார்.

"என்ன தப்பு?"

"அவன் சொன்னதக் கேட்டு நான் நிறுத்தல. அவன் பொங்கலுக்கு வாரதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நீ போட்டுவிட்டுப் போனதும் தொடச்சு எடுத்துருவேன். அந்தச் செடியப் பாத்தா எனக்கே தெரியாதா? அவன் வந்து வேரப் பிடுங்கிக் காட்டித்தான் தெரியணுமா?"

"அப்ப அவங்கிட்ட ஏன் கேட்டீக, கிருமி எங்க போச்சுன்னு?"

"பிள்ள ஆசையாச் சொல்லுதான். கேக்கணும்ல," என்றார். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் வருவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகனே, நான் காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் போட்ட களிம்பை அவர் துடைத்து எடுத்திருந்தால் மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது எனக்குத் தெரிந்திருக்காதா, பொங்கலுக்குள்ளேயே சீழ் வைத்திருக்காதா? அப்போது புண் ஆறிக்கொண்டுதான் வந்தது, என் கையால் தினமும் தொட்டுப் பார்த்தவள் நான். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு இடம் மட்டும் அந்த மார்கழியிலேயே ஆறாமல் அடம்பிடித்ததும் ஞாபகம் வருகிறது. அவர் சொல்வது உண்மையா, உனக்காகச் சொல்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை. அதனால் நான் எழுதியதையும் அடிக்காமல், அவர் சொன்னதையும் விடாமல், இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். ரயில் ஏறுவதற்கு முன் வீட்டுக்கு வருவாய் அல்லவா, அப்போது அவரிடம் நீயே கேள். உன்னிடமும் இதையேதான் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொள். உனக்கு ஏதாவது தெரிந்தால், எனக்குச் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா